அந்த வரியை அழித்தது ஞானதாஸ் அல்ல

ஞானதாஸ் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பெருங்கடவிளையில் ஒரு புகைப்புரையின் சுவரோரம் ஏணிமேல் நின்றிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். ரப்பர்ப் பால் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் அறைக்குத்தான் இங்கே புகைப்புரை என்று பெயர். அதன் சூட்டைக் கவனிக்கும் எங்கள் பெட்டி ஒன்றில் ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன். போனில் அவர் மனைவி லதா.

"அண்ணா, அவரு போயாச்சு. காலையில ரெண்டு ஸ்பூன் கஞ்சி குடிச்சாரு. பின்ன கண்ணத் திறக்கல்ல."

காரக்கோணத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரை நான் கடைசியாகப் பார்த்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் ஏணியிலிருந்து உடனே இறங்கத் தோன்றவில்லை. மிச்சமிருந்த இரண்டு ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டுத்தான் இறங்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய சபையார் கேட்டார்கள். "நல்லதா நாலு வார்த்தை போதும் சாரே" என்றார்கள். ஒரு பக்கத்தில் முடியவில்லை. நாலு வார்த்தையும் நல்லதாக வரவில்லை. உங்களில் பலருக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவர். சிலருக்குப் புகைப்புரைப் பெட்டிக்காரர். எனக்கு அவர் பதினேழு வருடக் கூட்டாளி. உதியன்குளங்கரையில் ஒரு டயர்க் கடையின் மாடியில் இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர் போட்டு நாங்கள் தொழில் நடத்தினோம். பெட்டிக்குள் இருக்கும் சில்லுக்கு நிரல் எழுதுவது எங்கள் வேலை. நாங்கள் சண்டை போட்டதெல்லாம் அந்த நிரலை எந்த மொழியில் எழுதுவது என்பதைப் பற்றித்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெட்டிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, புரைக்குள் இருக்கும் சென்சாரைக் கேட்டு சூடு எவ்வளவு என்று குறித்துவைக்கும். மற்றது, குறித்ததைப் பார்த்து, சூடு மிஞ்சினால் அடுப்புக்குக் காற்று ஊதும் ஃபேனை நிறுத்தும். இரண்டும் ஒரே சமயத்தில் அந்த எண்ணில் கைவைத்தால் குழப்பமாகும். அதனால் கைவைக்கும் முன் ஒரு பூட்டுப் போட வேண்டும், வேலை முடிந்ததும் திறக்க வேண்டும். ஒன்று திறக்க மறந்துவிட்டால் மற்றது காத்தே கிடக்கும்.

ஞானதாஸின் மொழி சி. பழையது, சின்னது. அதில் பூட்டுவதையும் திறப்பதையும் நாமே எழுத வேண்டும். எழுதியது நடக்கும், எழுதாதது நடக்காது. நான் கேட்டது ரஸ்ட். அதில் வசதி அதிகம், சட்டமும் அதிகம். அந்த வேலையை விட்டு வெளியே வந்ததும் பூட்டு தானே திறந்துகொள்ளும், நாம் திறக்க மறக்கவே வழியில்லை. பல தப்புகளை, நிரலைச் சில்லின் பாஷைக்கு மாற்றும் கம்பைலரே கண்டுபிடித்து, நிரலைத் திருப்பித் தள்ளிவிடும்.

"எப்பம் திறக்கும்? யாரு திறப்பா? தாளில காட்டு" என்பார்.

"தாளில இருக்காதுலே. அது தானா திறக்கும்."

"தானா திறக்கிய பூட்டு வீட்டில கெடந்தா நீ ஒறங்குவியா?"

"மனுசன் மறப்பான்லே."

"மறக்காத அளவுக்குச் சின்னதா எழுதுவோம். நான் வாசிச்சதுதான் பெட்டிக்குள்ள நடக்கணும். வேற ஒண்ணும் நடக்கப்பிடாது ஆக்கும்."

ஒருநாள் கோபத்தில், "ஒனக்கு சுகர் உண்டு, கம்பைலருக்கு சுகர் வராது" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, போட்டிருந்த சாயாவில் எனக்கு மட்டும் சர்க்கரை கூட்டிப் போட்டார். எங்கள் சண்டை எப்போதும் இந்த அளவில்தான் இருந்தது.

அவர் வாசிப்பு என்றால் வாசிப்புதான். புது நிரலைப் பெட்டியில் ஏற்றுவதற்கு முன் சனிக்கிழமை காலையில் அதை முழுவதும் தாளில் அச்செடுப்போம். இரண்டு பிரதி. ஒன்றை வைத்துக்கொண்டு அவர் உரக்க வாசிப்பார். மற்றதில் நான் வரிவரியாக விரல்வைத்துத் தொடர வேண்டும். கோயிலில் பாடம் வாசிக்கும் அதே குரல், அதே நிறுத்தம். நிரலில் உள்ள பெயர்களையெல்லாம் எங்கள் ஊர்ச் சொற்களாகவே ஆங்கில எழுத்தில் வைத்திருந்தோம். பூட்டு, திற, சூடு, ஊது. கீழே டயர்க் கடைக்கு வந்தவர்கள் மேலே ஏதோ ஜெபக்கூட்டம் நடக்கிறது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப்பார்த்ததும் உண்டு. முழு நிரலையும் ஒரே இருப்பில் வாசித்துவிட முடிய வேண்டும், முடியவில்லையென்றால் நிரல் பெரிதாகிவிட்டது, குறைக்க வேண்டும். இதுதான் அவருடைய சட்டம்.

ஆரம்பத்தில் இது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றே ஒரு இடத்தில் அறுபது என்பதை அறுபத்தாறு என்று மாற்றிவைத்தேன். அவர் அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எலே, இது எனக்க அறுபது இல்ல" என்றார். அன்றோடு எனக்கு அவர்மேல் பூரண நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையில்தான், அடுத்தடுத்த வருடங்களில், விரல்வைத்துத் தொடர்வதை விட்டேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பேன். நல்ல வாசிப்பைக் கேட்கும்போது கண் தானாக மூடிக்கொள்கிறது என்று அவரிடமே சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. கோயிலிலும் எல்லாரும் அப்படித்தானே கேட்கிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருடம் முன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். சுகர் ஏறியும் இறங்கியும் படுத்திக்கொண்டிருந்த காலம். நான் கம்ப்யூட்டரில் நிரலை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். சூட்டைக் குறிக்கும் பகுதியில் 'திற' என்ற வரி இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று கடைசியில். மற்றது நடுவில், சென்சார் தாறுமாறாகப் பதில் சொன்னால் பாதியிலேயே திரும்பிவிடும் இடத்தில். பூட்டு ஒன்று, திறப்பு இரண்டா என்று நினைத்தேன். நடுவில் இருந்ததை எடுத்துவிட்டேன். பாதியில் திரும்பினால் கடைசி வரிக்குப் போகவே போகாது என்பது இந்தத் தொழிலில் முதல் மாதம் கற்றுக்கொள்ளும் விஷயம். எனக்கு அன்று அது தோன்றவில்லை. அவரிடம் சொல்லவும் மறந்துபோனேன்.

மறுநாள் சனிக்கிழமை. அச்செடுத்தோம். அவர் வாசித்தார். அந்த இடத்துக்கு வந்தபோது, "சென்சார் பிழை. திற. திரும்பு" என்று வாசித்தார். தாளில் 'திற' இல்லை. அவருக்கு அந்த நிரல் மனப்பாடம். பல வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாய்விட்டுச் சொன்ன வரி, வாய் தானாகச் சொல்லிவிட்டது. கோயிலில் அவர் சங்கீதங்களைப் புத்தகம் பார்க்காமலே வாசிப்பதை நீங்கள் எல்லாரும் மெச்சியிருக்கிறீர்கள். நான் என் பிரதியை மடியில் வைத்து, கண்ணை மூடி, மூன்றும் சரியாகக் காதில் விழ, தலையாட்டினேன். நிரல் பெட்டிகளுக்குப் போயிற்று.

கர்க்கடக மழையில், அதாவது ஆடி மாதத்தில், சுகுமாரனின் புகைப்புரைச் சுவர் ஊறி, சென்சார் ஒயரில் தண்ணீர் இறங்கியது. சுகுமாரன் பெருங்கடவிளைக்காரர், சின்ன ரப்பர்த் தோட்டம். சென்சார் தாறுமாறாகச் சொன்னது. நிரல் பூட்டைப் போட்டுவிட்டுப் பாதியில் திரும்பியது. ஃபேனை நிறுத்த வேண்டிய வேலை, பூட்டு திறக்கும் என்று காத்துக் கிடந்தது. ஃபேன் ஊதிக்கொண்டே இருந்தது. பட்டப்பகலில் புரை பற்றியெரிந்தது. ஷீட்டை இழுத்துப் போட உள்ளே போன சுகுமாரனின் வலது கை முழங்கை வரை வெந்துபோனது. ஆள் பிழைத்தது புண்ணியம்.

இரண்டாம் நாள், கையில் கட்டோடு அவரே எங்கள் மாடிக்கு வந்தார். திட்டவில்லை. "சாரே, தீ ஆளிக் கத்தும்போழும் பெட்டி அம்பத்தஞ்சு தன்னெயாணு காணிச்சது" என்றார். தீ கொழுந்துவிட்டு எரிந்தபோதும் பெட்டி ஐம்பத்தைந்து என்றே காட்டிக்கொண்டிருந்ததாம்.

ஞானதாஸ் நிரலைத் திறந்து பார்த்தார். பத்து நிமிடத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நிரலில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டர் தானே குறிப்பு எழுதிவைக்கும். குறிப்பை எடுத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஒரு வரி நீக்கம், நீக்கியவர் ஞானதாஸ். எங்களிடம் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். முதல்நாள் அதை அமைத்தவர் அவர், அதனால் அவர் பெயரையே கொடுத்தார். எனக்குத் தனியாக ஒரு பெயர் ஏற்படுத்திக்கொள்ள இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்ய எனக்கு மடி, வெறும் சோம்பல். நான் தட்டியதும் அவர் தட்டியதும் பதினாலு வருடமாக அவர் பெயரிலேயே விழுந்துகொண்டிருந்தது. ரெண்டு பேருக்கு ஒரு பேரு போதும்லே என்று அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டோம்.

அவர் திரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு சுகுமாரனிடம் சொன்னார். "நானாக்கும். நான்தான் எடுத்திருக்கேன். ஓர்மையில்ல. சுகர் கூடிக் கெடந்த சமயம்."

வாயைத் திறந்தேன். அது நான் என்று சொல்லத்தான் திறந்தேன் என்று இன்றும் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். வந்த வார்த்தை வேறு. "இதுக்குத்தான் சொன்னேன். நான் சொன்ன மொழியில எழுதியிருந்தா இது நடந்திருக்காது."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ரஸ்டில் அந்த வரியை அழிக்கவே முடிந்திருக்காது, ஏனென்றால் அப்படி ஒரு வரியே அதில் தேவையில்லை. வாதத்தில் நான் சொன்னதுதான் சரி. என் தப்பே என் கட்சிக்குச் சாட்சி சொன்னது, நான் அந்தச் சாட்சியை அவர் பெயரில் நிறுத்தினேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சர்க்கார் குமாஸ்தாக்கள். தப்பு நடந்தால், அது யார் கையெழுத்தில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள், அதற்குமேல் பார்க்க மாட்டார்கள். அந்தப் புத்தி எனக்கும் வாய்த்திருக்கிறது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சரி மக்கா. ஒனக்க மொழிக்கே மாறுவோம். எனக்க வாசிப்ப இனி நம்ப முடியாது."

அத்தனை வருடச் சண்டையில் நான் அன்று ஜெயித்தேன்.

அதன்பிறகு நடந்ததை விரிக்க விருப்பமில்லை. சுகுமாரனின் புரையை மறுபடி கட்டியபோது அவர் மூன்று வாரம் அங்கே போய்த் தகரம் சுமந்தார். சுகர் புண் இருந்த காலோடு சுமந்தார். நான் மாடியில் உட்கார்ந்து எல்லா நிரலையும் புது மொழிக்கு மாற்றினேன். அவரும் படித்துப் பார்த்தார். கண் அப்போதே மங்கத் தொடங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை புது நிரலை அச்செடுத்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பக்கம் வாசித்தார். குறிகளும் சட்டங்களும் நெருக்கமாக வரும் மொழி அது, வாய்விட்டு வாசிக்க வசப்படாது. மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, தாளை அடுக்கி என் மேசையில் வைத்தார். "இது ஒனக்கும் கம்பைலருக்கும் உள்ள பேச்சுலே. நடுவில நான் என்னத்துக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் வந்தார், சாயா போட்டார், பெட்டிகளைத் துடைத்துவைத்தார். வாசிக்கவில்லை. பாடம் வாசிக்கவும் கோயிலில் வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கண் தெரியாததால் என்று நீங்கள் நினைத்தீர்கள். புத்தகம் பார்க்காமல் வாசிக்கிறவருக்குக் கண் எதற்கு?

ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்றுதான் மாடிப்படி ஏறினேன். முதல் மாதம் சொல்லியிருந்தால் அது வெறும் தப்பாகப் போயிருக்கும். ஒரு வருடம் கழித்துச் சொன்னால் துரோகமாகிவிடும் என்று பயந்தேன். அதனால் இரண்டாம் வருடமும் சொல்லவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் சொன்னேன். அவர் போவதற்கு நான்கு நாள் முன்பு. லதா பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். ஞானதாஸுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை, சிறுநீரகமும் கைவிட்டிருந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, நீ கண்ணயர்ந்திருந்தாய், நடுவில் இருந்த 'திற'வை எடுத்தது நான், உன் பெயரில் விழுந்தது, நான் பேசாமல் இருந்துவிட்டேன் என்று. ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ நல்ல மனசுக்காரனாக்கும். ஆனா வேண்டாம் மக்கா. சாவப்போறவனுக்கு இப்படியொரு ஆறுதல் சொல்லப்பிடாது."

"ஆறுதல் இல்லலே. சத்தியமா நான்தான்."

"ரெக்கார்டில எனக்க பேரு கெடக்கே. நான் கண்ணால கண்டதுதானே. நீ என்னத்துக்கு எனக்க பாரத்தச் சுமக்கே?"

நான் அழுதேன். நட்பின் மிகுதியால் அழுகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். லதாவும் அழுதார். "இப்படியொரு கூட்டுக்காரன் யாருக்குக் கிடைக்கும்" என்று வெளியே வராந்தாவில் யாரிடமோ அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

அடக்க ஆராதனையில் உங்கள் போதகர் அதையே பிரசங்கத்தில் சொன்னார். மரிக்கிற சிநேகிதனின் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள வந்த மனிதர் என்று என்னைக் கைகாட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தீர்கள். சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் எழுந்து நின்று இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அதையும் தாழ்மை என்றுதான் நினைத்திருப்பீர்கள். இதை வாசிக்கும்போதும் அப்படித்தான் நினைக்கப்போகிறீர்கள். அஞ்சலி எழுதுகிறவன் தன்னைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம்தானே.

தொழில் இனி ஓடாது. ரப்பரை வெட்டிவிட்டு ஊரில் பாதிப்பேர் வேறு பயிருக்குப் போய்விட்டார்கள், புரைகள் பூட்டிக் கிடக்கின்றன. மிச்சமிருக்கும் பெட்டிகளில் என் நிரல் தப்பில்லாமல் ஓடுகிறது. அதை வாசிக்கத் தெரிந்தவன் இந்தச் சுற்றுவட்டத்தில் நான் ஒருவன்தான். பழைய நிரலை நானும் அவரும் வாசித்தோம், கீழே டயர்க் கடைக்காரர் பாதி புரிந்துகொண்டார். எந்த மொழி நல்லது என்று இப்போது யாராவது கேட்டால், ரஸ்ட் என்றுதான் சொல்வேன். மனுசன் மறப்பான் என்பதற்கு அது மருந்து. மனுசன் பேசாமல் இருந்துவிடுவான் என்பதற்கு எந்த மொழியிலும் மருந்து இல்லை.

போன வாரம் சுகுமாரனைப் பார்க்கப் போனேன். அவரிடமும் முழுவதும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார். "சாரு சினேகமுள்ள ஆளாணு" என்றார், அன்பான ஆள் என்று. சாயா வரவழைத்தார். நான் அதைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஞானதாஸுடையது என்று நான் எதை வைத்திருக்கிறேன் என்று சொல்லி முடிப்பது முறை. என் தப்பு ஞானதாஸ் பெயரில் கிடக்கிறது. ஞானதாஸுக்குச் சேர வேண்டிய நல்ல பெயர் என்னிடம் இருக்கிறது. மாற்றி எழுதக் கேட்டு ஊரெல்லாம் நடந்துவிட்டேன். ஒருவரும் சம்மதிக்கவில்லை.